அறுபத்து மூன்று பேர் இருக்கும் ஆளில்லாத வளவு

ஏழாவது அவென்யூ,
அலெக்ஸாண்ட்ரா.
(வீட்டு எண் எது என்பதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.)
புதன்கிழமை

மதிப்பிற்குரிய மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் மபூலா பணிவுடன் எழுதிக்கொள்வது. மழை நேரத்துக்கு வந்ததா, உங்கள் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கிறதா, சிவப்புப் பசு இந்த முறையாவது கிடேரிக் கன்று போட்டதா என்றெல்லாம் வரிசையாக விசாரித்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். அத்தை கொடுத்தனுப்பிய உலர்ந்த மொபானிப் புழு மூட்டை வந்து சேர்ந்தது. அதைத் தக்காளி போட்டு வறுத்த வாசனைக்கு வளவில் பாதிப் பேர் தட்டோடு வந்து நலம் விசாரித்தார்கள், மீதிப் பேர் தட்டில்லாமல் வந்தார்கள். இங்கே நாங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் எதையும் இப்போதைக்கு உறுதியாகச் சொல்வதற்கில்லை. பினியாஸ் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்து மாடிக் கட்டடத்துக்கு இரவுக் காவலுக்குப் போய்விட்டார், ரெபோனே தூங்கிவிட்டாள், அதனால்தான் எழுத முடிகிறது.

போலோக்வானே டாக்ஸிக்காரரிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய கடிதம் போன வியாழக்கிழமையே கிடைத்தது. உங்கள் மகள் செலீனா தையல் மெஷினோடு வேலை தேடி இங்கே வருகிறாள், அவளுக்கு ஒரு மூலை போதும், நாலு சுவர் இருக்கிற வீட்டில் நாலு மூலை இல்லாமலா போகும் என்று எழுதியிருந்தீர்கள். மாமா, நாலு மூலை இருப்பது உண்மை. முதல் மூலையில் கட்டில். அதன் நாலு காலுக்கும் கீழே மும்மூன்று செங்கல் வைத்து உயர்த்தி, அந்த இடுக்கில் பினியாஸின் பெட்டி, மாவு மூட்டை, ரெபோனே தொட்டிலில் கிடந்த காலத்துச் சாமான்கள் எல்லாம் இருக்கின்றன. இரண்டாவது மூலையில் அலமாரி. மூன்றாவதில் அடுப்பும் தண்ணீர் வாளியும், இரண்டும் ஒன்றையொன்று பயமுறுத்திக்கொண்டு. நாலாவது மூலைதான் காலி. ஆனால் கதவு உள்பக்கமாகத் திறந்து சரியாக அந்த மூலையில் போய் நிற்கும். அங்கே செலீனாவை உட்கார வைத்தால் அவள் உள்ளே இருக்கும்வரை நாங்கள் வெளியே இருக்க வேண்டும். இதைச் சொல்ல இரண்டு வரி போதும், ஆனால் இரண்டே வரியில் மறுத்தால் பட்டணத்துக்குப் போய்க் கண் தெரியவில்லை என்று அத்தை சொல்வார்கள். அதனால் இந்த ஒரு வாரம் நான் என்ன பாடுபட்டேன் என்பதையும் எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ரெபோனே ஜனவரியில் ஒன்றாம் வகுப்பு சேர வேண்டும். எங்கள் தெருக்கோடியில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, மணி அடித்தால் எங்கள் அறைத் தகரம் அதிரும். அங்கே இடம் கிடைத்தால் அவள் ஒரு சாலையைக்கூடக் கடக்காமல் போய் வருவாள். கிடைக்காவிட்டால் எங்கே இடம் காலியோ அங்கே போடுவார்கள், அது எப்போதும் லண்டன் சாலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும். லண்டன் சாலையில் டாக்ஸிகள் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். போன முறை வந்தபோது பழக்கடை வாசலில் அரை மணி நேரம் நின்று, கடைசியில் எனக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை என்று திரும்பி வந்தீர்கள். ஆறு வயதுப் பிள்ளை, மாமா. செருப்பை இன்னும் கால் மாற்றித்தான் போடுகிறாள். விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை மதியம் கடைசி என்று கேட்டதிலிருந்து எனக்குக் களி இறங்கவில்லை.

போன வியாழக்கிழமை பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஸோன்டி அம்மா என்று ஒருவர், கண்ணாடியைச் சங்கிலியில் கட்டி மார்பில் தொங்கவிட்டிருப்பார், நம்மைப் பார்க்கும்போது மட்டும் அதைப் போட்டுக்கொள்ள மாட்டார்.

"முகவரிக்கு ஆதாரம்?" என்றார்.

"என் பேர்ல பில்லு எதுவும் வராதும்மா. கரண்ட்டுக்கு முன்னாலயே பணம் கட்டி நம்பர் வாங்கி மீட்டர்ல அழுத்திக்கறோம். தண்ணி பொதுக் குழாயில."

"அப்ப வளவுக்குச் சொந்தக்காரர்கிட்ட கடுதாசி வாங்கிட்டு வா. கூடவே அந்த வளவுல யார் யார் இருக்காங்க, எல்லார் பேரும் ஒரு பட்டியல். போலீஸ் ஸ்டேஷன்ல சத்தியம் பண்ணி முத்திரை."

"எல்லார் பேருமா?"

"போன வருஷம் உங்க தெருவுல ஒரே வளவு நம்பரச் சொல்லிப் பதினாலு பிள்ளைங்க சேந்துச்சு. அதுல ஒன்பது அந்தத் தெருவையே பார்த்தது கெடையாது. இந்த வருஷம் கல்வித் துறையிலேந்து ஆள் வந்து தலைய எண்ணப்போறாங்க. ஒரு தலை கூடக் குறையக் கூடாது. ஆமா, நம்பர் என்ன?"

அங்கேயே சிக்கல் ஆரம்பித்துவிட்டது. எங்கள் முன்சுவரில் நாலு எண் இருக்கிறது. கல்லில் செதுக்கியது ஒன்று, அது மனையாக விற்ற காலத்து எண். அதன் மேல் கறுப்பு மையில் ஒன்று, அரசாங்கம் பிடுங்கிக்கொண்ட காலத்து எண். பிறகு இடித்துவிட்டு வேறு வீடு தருகிறோம் என்று வந்தவர்கள் அடித்த சிவப்பு எண். அவர்கள் இடிக்கவும் இல்லை, வீடு தரவும் இல்லை, சிவப்பு மட்டும் மங்காமல் இருக்கிறது. நாலாவது யார் எழுதியது என்றே தெரியாது, யாரோ கைபேசி எண் எழுத ஆரம்பித்துப் பாதியில் விட்டதென்று பினியாஸ் சொல்கிறார். நாலையும் எழுதிக்கொடுத்தேன். ஸோன்டி அம்மா அப்போதுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

நான் கல்லூரியில் நகர நிர்வாகம் படித்தவள். என்னைப் படிக்க வைக்க நீங்கள் இரண்டு காளைகளை விற்றீர்கள், மறக்கவில்லை. இரண்டாம் வருடத் தேர்வில் 'மக்கள் நெருக்கம் மிகுந்த ஒரு நகர்ப்புறக் குடியிருப்பின் வரலாற்றையும் அமைப்பையும் விவரி' என்று ஒரு கேள்வி வந்தது. இரண்டு பக்கம் எழுதினேன், எழுபத்து நாலு மதிப்பெண். மாமா, அந்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். ஏனென்றால் 'இந்த வளவு யாருடையது' என்ற ஒரு வரிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

முன்னால் இருக்கும் செங்கல் வீட்டில் வலது பாதி மொலெபாட்சி ஐயாவுடையது. கறுப்பர்கள் நிலம் வாங்கக்கூடாது என்று நாடு முழுக்கச் சட்டம் இருந்த காலத்தில், வாங்க முடிந்த அபூர்வமான இடங்களில் இந்த அலெக்ஸாண்ட்ரா ஒன்று. அவருடைய தாத்தா அப்போது பத்திரம் போட்டு இந்த மனையை வாங்கினார். அந்தப் பத்திரம் இன்னும் அவருடைய வேதப் புத்தகத்துக்குள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் நீண்டால் அதைத்தான் படிப்பார். இடது பாதியில் மாந்துலி அம்மா. பிற்பாடு அரசாங்கம் எல்லா மனையையும் கையகப்படுத்தி, நடுவில் ஒரு சுவர் எழுப்பி, மொலெபாட்சி குடும்பத்தை அவர்களுடைய சொந்த வீட்டிலேயே வாடகைக்கு வைத்து, மறு பாதியை மாந்துலி அம்மாவின் கணவருக்குப் பெர்மிட் போட்டுக் கொடுத்தது. அந்தப் பெர்மிட் ஒரு மார்கரின் டப்பாவில் இருக்கிறது. அப்புறம் இங்கே குடும்பமே இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் தரைமட்டமாக்கித் தனி ஆட்களுக்கு விடுதி கட்டப்போகிறோம் என்று இடிக்கிற இயந்திரத்தோடு வந்தபோது, 'களி கிண்டிட்டிருக்கேன், எறக்கினப்புறம் இடிங்க' என்று சொல்லி மாந்துலி அம்மா அடுப்பை விட்டு நகரவே இல்லையாம். அந்தக் களி இன்னும் வேகிறது என்று வளவில் சொல்வார்கள்.

பின்னால், முற்றத்தைச் சுற்றி, தகரமும் செங்கல்லுமாகப் பத்தொன்பது அறை. அதில் நாங்கள், சோட்டோக்காரர்கள், வெண்டாக்காரர்கள், கோஸா தையல்காரர், ஜிம்பாப்வேயிலிருந்து வந்த கணக்கு வாத்தியார் (இங்கே தச்சுவேலை), மொஸாம்பிக்காரர்கள் நாலு பேர், ஒரே கட்டிலில் முறை வைத்துத் தூங்குகிறவர்கள். ஒரு குழாய், இரண்டு கழிப்பறை. கழிப்பறைச் சாவி பலோயி அண்ணனிடம். பலோயி அண்ணனுக்கு ஐம்பது வயது. காருக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பவர், அதனால் அவர் காலைத்தான் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். அவருடைய அம்மா இங்கே குடியிருந்தபோது பின்பக்கத்துக் கரிக் கொட்டடியில் பிறந்தவர். அவருக்குச் சொந்த ஊர் கிடையாது. அப்பா எங்கிருந்து வந்தார் என்று அம்மா சொல்லாமலே இறந்துவிட்டார். டிசம்பரில் நாங்கள் எல்லோரும் பெட்டி படுக்கையோடு ஊருக்குக் கிளம்பும்போது, பத்தொன்பது அறைச் சாவியையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு இந்த வளவில் தனியாக உட்கார்ந்திருப்பார். ஊரில்லாத ஆள் என்று பிள்ளைகள்கூடக் கேலி செய்யும்.

மொலெபாட்சி ஐயா, மாந்துலி அம்மா, சாவி வைத்திருக்கும் பலோயி அண்ணன் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால் யார் சொந்தக்காரராக இருந்தாலும் சரிதானே என்று சனிக்கிழமை குழாயடியில் கூட்டம் போட்டேன். இது என் படிப்புக்குத் தோன்றிய யோசனை. பட்டியலில் யார் பெயர் முதலில் என்று ஆரம்பித்தார்கள்.

"என் பேரு," என்றார் மொலெபாட்சி ஐயா. "எங்க தாத்தா பத்திரம் போட்ட மண்ணு."

"அந்தப் பத்திரத்த யாரு செல்லாதுன்னா? அரசாங்கம்," என்றார் மாந்துலி அம்மா. "அரசாங்கம் யாருக்குக் குடுத்துச்சு? எம் புருசனுக்கு."

"திருட்டுப் பொருள வாங்கினவன் சொந்தக்காரனா?"

"இத்தன வருசமா ஒரே சுவத்துல ஆளுக்கொரு பக்கம் சாஞ்சு தூங்கறோம், இப்ப வந்து திருட்டுங்கறீங்க. உங்க கொறட்டைக்கு நாந்தான் கேஸு போட்டிருக்கணும்."

காருக்கு அடியிலிருந்து பலோயி அண்ணனின் குரல் வந்தது. "ஐயா, உங்க தாத்தா எங்கேந்து வந்தாரு?"

"ரஸ்டன்பர்க் பக்கம்."

"மாந்துலியம்மா?"

"நான் ங்குத்து ஊருக்காரி. எல்லாருக்கும் தெரியுமே."

"அப்ப நீங்கல்லாம் வந்தவங்க. நான் வரல. நான் இங்கயேதான் இருந்தேன். வந்தவங்கள்ல யாரு முந்தின்னு நீங்க அடிச்சுக்குங்க. வராதவன் பேர மொதல்ல எழுது, மபூலா."

எல்லோரும் சிரித்தார்கள். "செத்தா எந்த ஊருக்கு எடுத்துட்டுப் போறதுன்னே தெரியாத ஆளு, இதுக்கு மொத வரிசையாம்," என்றார் மாந்துலி அம்மா.

"நீங்க ஊருக்குப் போறப்ப சாவிய எங் கழுத்துலதானம்மா மாட்டிட்டுப் போறீங்க. ஊரில்லாத கழுத்து அதுக்கு மட்டும் ஆகுமோ?"

இப்படியே மத்தியானம் ஆகிவிட்டது. கடைசியில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பெயர்களை வரிசையாக எழுதாமல் வட்டமாக எழுதிவிட்டேன், வண்டிச் சக்கரம் மாதிரி. வட்டத்தில் யார் முதல், யார் கடைசி. கைவசம் வேறு தாள் இல்லை, உங்கள் கடிதத்தின் பின்பக்கம் காலியாக இருந்தது, அதில்தான் எழுதினேன், மன்னிக்கவும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'வீடு' என்று ஒரு இடம் விட்டு, அவரவர் சொன்னதை எழுதிக்கொண்டேன். அறுபத்து மூன்று பேர். மூன்று சொந்தக்காரர்களும் சக்கரத்தின் நடுவில், யார் கையெழுத்தும் யாருடையதற்கும் மேலே வராதபடி, கையெழுத்துப் போட்டார்கள். எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. அதுதான் தப்பு.

திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷன். மூன்று மணி நேரம் வரிசை. சத்தியப் பத்திரம் எழுதுகிற இளைஞன் என் குடும்பப் பெயரைப் பார்த்ததும் நம் மொழியில் பேசினான். எவ்வளவு நிம்மதி என்று நினைக்கிறீர்கள். வரிசையில் நின்ற கால்வலி எல்லாம் போய்விட்டது.

"அக்கா நம்ம பக்கமா? வீடு எங்கக்கா?"

மாமா, நம்மவர் ஒருவர் நம் மொழியில் மரியாதையாக 'வீடு எங்கே' என்று கேட்டால் என்ன சொல்வோம்? நம் ஊரைத்தான் சொல்வோம். நானும் சொன்னேன். ஊர்ப் பெயர், தலைவர் பெயர், சர்ச்சுக்குப் பின்னால், மருலா மரத்துக்குப் பக்கத்தில், லாசரஸ் செபாட்டி வீடு என்று உங்கள் பெயர் உட்பட எல்லாம் சொன்னேன். அவனுடைய சித்தியை அடுத்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறார்களாம். அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தோம், அவன் எழுதிக்கொண்டே இருந்தான். மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தேன். முத்திரை நல்ல அழுத்தமாக விழுந்தது.

செவ்வாய்க்கிழமை ஸோன்டி அம்மா அதைப் படித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"பிள்ள தெனமும் அங்கேந்தா வரும்?"

"எங்கேந்தும்மா?"

"போலோக்வானேக்கு அந்தாண்ட ஒரு மருலா மரத்துகிட்டேந்து."

நாக்குத் தவறிவிட்டது, பட்டியலைப் பாருங்கள், பட்டியல் சரியாக இருக்கும் என்று உங்கள் கடிதத்தை நீட்டினேன். அவர் அதைச் சக்கரம் மாதிரியே சுற்றிச் சுற்றிப் படித்தார். முழுச் சுற்று வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"அறுபத்து மூணு பேரு. ஒருத்தருக்கு வீடு ங்குத்து. ஒருத்தருக்கு ரஸ்டன்பர்க். வெண்டா, கோஸா நாடு, ஹராரே. இந்த வளவுல வீடுன்னு ஒருத்தருக்கும் போடலையே நீ. ஒரே ஒரு ஆளுக்குக் கோடு போட்டிருக்க."

"அது பலோயி அண்ணன். அவருக்கு ஊரில்லம்மா."

"அவரு எங்க இருக்காரு?"

"வளவுலதான்."

"மத்தவங்க?"

"நாங்களும் வளவுலதாம்மா இருக்கோம்."

"காகிதம் அப்படிச் சொல்லலையே. காகிதப்படி அந்த வளவு காலி. காலி வளவுலேந்து நான் எப்படிப் பிள்ளையச் சேக்கறது?"

அலுவலகத்தில் இருந்த மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் வீட்டுக்கு வரும் வழியில் லண்டன் சாலை முனையில் நின்று, ஒரு நிமிடத்துக்கு எத்தனை டாக்ஸி என்று எண்ணினேன். முப்பத்தொன்று. அதற்கு மேல் எண்ண முடியவில்லை, கண் மறைத்தது. வளவுக்கு வந்து பலோயி அண்ணனின் கால்களைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அப்புறம் முழு ஆளும் வெளியே வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "பட்டியலக் குடு. நான் ஒழுங்கா ஒரு பிரதி எழுதறேன். சத்தியத்த நான் பண்றேன்," என்றார். அவர் எழுதிப் படித்து நான் பார்த்ததே இல்லை. பெட்ரோல் ரசீது எழுதுவது போல ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி எழுதினார், இரண்டு தாளுக்கு நடுவில் கார்பன் வைத்து.

இன்று காலையில் அவரோடு, ரெபோனேயையும் கூட்டிக்கொண்டு, மறுபடியும் ஸ்டேஷன். அதே இளைஞன்.

"ஐயா வீடு எங்க?"

"ஏழாவது அவென்யூ."

"அது சரிங்கய்யா, தங்கியிருக்கறது. சொந்த வீடு?"

"ஏழாவது அவென்யூ."

"சரி, அப்பா ஊரு?"

"அப்பா ஊரு அப்பாவுக்கு. எனக்கு எதுக்கு?"

"தாத்தா..."

"தம்பி, செத்தவங்க மேல நான் சத்தியம் பண்ண முடியுமா? என்மேல பண்றேன், எழுது. இந்த வளவுல பொறந்தேன், இங்கயே இருக்கேன், வேற எங்கயும் இருந்ததில்ல. இந்தப் பொண்ணும் இங்கதான் பொறந்துச்சு. அன்னைக்கு ராத்திரி ஆம்புலன்ஸ் சந்துக்குள்ள வரல. எங் காருலதான் ஆஸ்பத்திரிக்குக் கெளப்பினேன், குழாயத் தாண்டறதுக்குள்ள பொறந்துடுச்சு. சீட்டுல கறை இன்னும் இருக்கு, வேணும்னா வந்து முத்திர குத்து."

அந்தப் பையன் சிரிக்காமல் எழுதினான். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கறையைத் துவைத்துத் தருகிறேன் என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மாமா.

அங்கிருந்து பள்ளிக்கூடம். ஸோன்டி அம்மா சத்தியப் பத்திரத்தைப் படித்தார், பிரதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பலோயி அண்ணன் பெயர் முதல், அதற்குக் கீழே வளவில் பிறந்த பதினேழு பிள்ளைகள். அதற்கப்புறம்தான் வந்தவர்கள், அவர்களுக்கும் வீடு என்ற இடத்தில் ஏழாவது அவென்யூ என்றே எழுதியிருந்தார். மொலெபாட்சி ஐயாவும் மாந்துலி அம்மாவும் பிள்ளைகளுக்குப் பின்னால் போவதற்கு வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு முன்னால் நிற்க யாருக்கும் வாய் வராது போலிருக்கிறது. ஸோன்டி அம்மா நம்பாமல் ரெபோனேயைக் கிட்டே கூப்பிட்டார்.

"பாப்பா, உன் வீடு எங்க?"

டிசம்பருக்கு டிசம்பர் நம் ஊரைக் காட்டி இதுதான் நம் வீடு, இதுதான் நம் வீடு என்று நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"கொழாய்க்கு எதுக்கால," என்றாள்.

"அம்மா ஊருக்கெல்லாம் போவீங்களே, பசு எல்லாம் இருக்குமே, அது?"

"அது மாமாத் தாத்தா வீடு. அங்க பசு இருக்கு. எங்க வீட்டுல பசு இல்ல. பலோயி மாமா இருக்காரு."

உங்கள் மனம் சங்கடப்படும் என்று தெரிந்தும் இதை எழுதுகிறேன். எனக்கும் ஒரு நிமிடம் எங்கேயோ குத்தத்தான் செய்தது. ஆனால் ஸோன்டி அம்மா முத்திரையை எடுத்துக் குத்திவிட்டார். ரெபோனேக்கு இடம் கிடைத்துவிட்டது, மாமா. லண்டன் சாலை எப்படியோ போகட்டும். துறையிலிருந்து அடுத்த வாரம் ஆள் வந்து பட்டியலை வைத்துத் தலையை எண்ணுவார்கள், பெயரும் தலையும் ஒத்துப்போனால் சரி, ஒரு தலை குறைந்தாலும் பட்டியல் பொய், சேர்க்கை ரத்து என்று சொல்லி, கார்பன் பிரதியை என்னிடம் கொடுத்தார். ஒத்துப்போகாமல் எங்கே போகும். மொஸாம்பிக்காரர்களைக்கூட அன்றைக்கு ஒரே நேரத்தில் விழித்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே மாமா, எல்லாவற்றையும் பார்த்துவிட்டீர்கள். அறுபத்து மூன்று பேர், ஒரு குழாய், நாலு எண், மூன்று சொந்தக்காரர்கள். இதில் அறுபத்து நாலாவது ஆளுக்கு இடமே இல்லை. செலீனா என் தங்கை மாதிரி. அவள் மேல் எனக்குள்ள பாசத்தினால்தான் வர வேண்டாம் என்கிறேன். அடுத்த வருடம் பார்க்கலாம். தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டு அங்கேயே வைக்கச் சொல்லுங்கள். இது என் முடிவான முடிவு, பினியாஸும் இதையேதான் சொல்வார், கேட்டால்.

அத்தைக்கு என் வணக்கம். நம் மூதாதையர் உங்கள் தொழுவத்தையும் முழங்காலையும் காக்கட்டும். சிவப்புப் பசுவுக்கு ரெபோனே முத்தம் அனுப்பச் சொல்லிவிட்டுத் தூங்கினாள்.

என்றும் உங்கள் சொல்லைத் தட்டாத,
மபூலா

பின்குறிப்பு: பெருமையாக உங்களுக்கும் காட்டலாமே என்று கார்பன் பிரதியை இந்தக் கடிதத்தோடு வைத்து மடிக்கும்போது கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. மாமா, பட்டியல் அறுபத்து மூன்றில் முடியவில்லை. பலோயி அண்ணன் அறையில் விளக்கு எரிந்தது, போய்க் கேட்டேன். "வட்டமா எழுதியிருந்தியே, ஆரம்பம் எங்கன்னு தெரியல. பின்னால இருக்குமோன்னு திருப்பினேன். அந்தப் பக்கம் உங்க மாமா கடுதாசிலயும் பேரு இருந்துச்சு, அதையும் எழுதினேன்," என்கிறார். அறுபத்து நாலு: செலீனா, தையல் மெஷினுடன், ஒரு மூலை. அறுபத்தைந்து: லாசரஸ் செபாட்டி, முழங்கால் வலி. இரண்டும் முத்திரை விழுந்து பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டன. பசுவைச் சேர்க்கவில்லை, அதன் பெயர் கடிதத்தில் இல்லை என்கிறார். கதவைக் கழற்றி வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாட்டித் தருகிறாராம், நாலாவது மூலை காலியாகிவிடும். ஆகவே வெள்ளிக்கிழமை டாக்ஸியில் செலீனாவை அனுப்பி வைக்கவும், போர்வை அவளே கொண்டு வரட்டும். நீங்களும் கூடவே வந்து தலை எண்ணும்வரை ஒரு வாரம் இருந்துவிட்டுப் போக வேண்டும், உங்களுக்குக் கட்டில். வழியில் யார் 'வீடு எங்கே' என்று கேட்டாலும், நம்மவரே நம் மொழியிலேயே கேட்டாலும், 'ஏழாவது அவென்யூ, குழாய்க்கு எதிரே' என்று சொல்லிப் பழகிக்கொண்டே வாருங்கள்.